சனிக்கிழமை மட்டும் ஏறும் முள்

ஞானவேல் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டான். அம்மா வைத்திருந்த காப்பியைக் குடித்தான். வெளியே போய்க் காரின் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்தான். தண்ணீர் இருந்தது. மூடினான். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கீழே, குளிருக்கான ‘சி’யில் கிடந்தது. நோட்டை எடுத்து எழுதினான்: ‘6.05. சி.’

பத்து மாதமாக இதைச் செய்கிறான். ஞாயிறும் உண்டு.

இன்று காரைத் தெருப் பக்கம் திருப்ப இண்டிகேட்டரைப் போட்டான். முள் துள்ளி, கொதிப்புக்கான ‘ஹெச்’சுக்குப் போனது. உடனே சி-க்கு வந்தது. மறுபடி ஹெச். விளக்கு விட்டு விட்டு எரிய, முள்ளும் கூடவே ஆடியது.

அம்மா இருளாயி வாசலில் போர்வையோடு நின்று பார்த்தாள்.

“என்னடா காட்டுது?”

“கொதிக்குது. ஆறிருச்சு. கொதிக்குது.”

“ஒரு நிமிசத்துக்குள்ளயா?”

“ஒரு செகண்டுல.”

“காருக்குத் தெனம் காச்ச பாக்குற. எனக்கு மூணு நாளா மேலு சுடுது. ஒரு தடவ தொட்டுப் பாத்தியா?”

ஞானவேல் இறங்கி வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டான். சுட்டது. கையில் நோட்டு இருந்தது. எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு மாத்திரை எடுத்துக் கொடுத்தான்.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. இயற்பியல் படித்தவன். வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை வேலை. வில்பட்டியில் வீடும் கொஞ்சம் பூண்டுக் காடும். அவன் மனைவி ஜோதிமணி கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பழனிக்காரி. கார் அவளுடைய அப்பா நாச்சிமுத்து கல்யாணச் சீராகக் கொடுத்தது. டீசல் கார். ஒரு கை மாறியது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ஜோதிமணி பழனிக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, மாலையில் மலையேறுவாள். பெருமாள்மலை வந்ததும் போன் வரும்.

“முள்ளு ஏறுதுங்க.”

“நிப்பாட்டு. பானட்டைத் தூக்கி அரை மணி நேரம் ஆற விடு.”

ஞாயிற்றுக்கிழமை அதே காரை அதே ஏற்றத்தில் ஞானவேல் ஓட்டிப் பார்ப்பான். முள் நடுவில் நிற்கும். அசையாது.

பத்து மாதம் முன்பு, அந்தக் கடைசிச் சனிக்கிழமை நல்ல காற்று. ஐந்து மணிக்கு அவள் போன் செய்தாள். முள் ஏறுகிறது என்றாள். நிப்பாட்டு என்றான். இரண்டு நிமிடம் கழித்து அவளுடைய அப்பா கூப்பிட்டிருக்கிறார். அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். “நான் குடுத்த வண்டி நல்ல வண்டி. ஒண்ணும் ஆகாது, ஓட்டிக்கிட்டுப் போயிரு” என்றார் அவர். அவள் அப்பா பேச்சைக் கேட்கவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாலையின் எதிர்ப்பக்கம் நடந்தாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்கப் போயிருப்பாள் என்றார்கள். அங்கே ஒரு யூக்கலிப்டஸ் மரம் வேரோடு விழுந்தது. காருக்குக் கீறல்கூட இல்லை.

அதன் பிறகு மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே வேலைதான்.

இன்ஜின் உண்மையிலேயே கொதித்திருந்தால், ஞானவேல் சொன்னது சரி. நிறுத்தத்தான் வேண்டும். தப்பு, அப்படி ஒரு காரைப் பெண்ணுக்குக் கொடுத்தவர் மேல். முள் பொய் சொல்லியிருந்தால், கார் நல்ல கார். ஓட வேண்டிய காரை அந்த மரத்தடியில் நிறுத்தச் சொன்னவன் ஞானவேல்.

கொதித்தது என்று நிரூபிக்க வேண்டும். அது முடிந்தால் தூக்கம் வரும் என்று அவன் நம்பினான்.

முதலில் காரை மூஞ்சிக்கல்லில் செல்லப்பாண்டியிடம் கொண்டுபோனான். இருபது வருட மெக்கானிக்.

“என்ன சார் கம்ப்ளைன்ட்?”

“முள்ளு ஏறும்.”

“இப்ப ஏறுதா?”

“இல்ல.”

“எப்ப ஏறும்?”

“சனிக்கிழமை.”

செல்லப்பாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தார். “வேற கெழமை ஏறாதா?”

“ஏறாது. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. பெருமாள்மலை கிட்ட.”

“யாரு ஓட்டுனாலும் ஏறுமா?”

“என் வீட்டுக்காரி ஓட்டுனா ஏறும்.”

“அப்ப அவங்கள ஒருநா கூட்டிட்டு வாங்க சார். ஓட்டச் சொல்லிப் பாத்துருவோம்.”

“இறந்துட்டா.”

செல்லப்பாண்டி கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு பானட்டைத் தூக்கினார்.

ரேடியேட்டரில் இருந்த பழைய கூலன்ட் திரவத்தை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். அன்று வீடு திரும்பும் வழியில் முள் ஏறியது. நடுவைத் தாண்டி, ஹெச் வரை. ஞானவேல் காரை ஓரங்கட்டி முதல் வேலையாகப் பழனிக்குப் போன் போட்டான்.

“மாமா! ஏறிருச்சு!”

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருப்பது அவனுக்கே கேட்டது.

“நீங்க கை வச்சீங்க, ஏறுது மாப்ள,” என்றார் நாச்சிமுத்து. “நான் குடுக்கும்போது ஏறல.”

மறுநாள் செல்லப்பாண்டி பார்த்தார். “காத்து அடச்சிருக்கு சார். தண்ணி ஊத்தும்போது உள்ள போன காத்து. இந்தா, எடுத்துட்டேன். பாருங்க, முள்ளு நடுவுல. சூப்பரா இருக்கு.”

“அய்யோ,” என்றான் ஞானவேல்.

“சார்?”

“வேற ஏதாவது பாருங்க. ஏதாவது இருக்கும்.”

நல்லாயிருக்கிறது என்று சொன்னால் முகம் வாடுகிற வாடிக்கையாளரைச் செல்லப்பாண்டி பார்த்ததில்லை. அந்த மனுஷனுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு அது. “கீழ்நாட்டுல எல்லாரும் கழட்டி எறிஞ்சுருவாங்க சார். சந்தேகமே வேணாம்.”

கீழே சமவெளியில் சரி. வில்பட்டிக் குளிரில் இன்ஜின் சூடேறவே இல்லை. முள் சி-யை விட்டு எழவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை தெருவை நிறைத்தது. பக்கத்து வீட்டு மலைச்சாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கிறாகளோன்னு பாத்தேன்,” என்றார்.

நாச்சிமுத்து போனில் உற்சாகமாக இருந்தார். “பாத்தீங்களா? ஐஸ் மாதிரி கெடக்கு. அந்த வண்டி கொதிக்கிற வண்டியே இல்ல. இங்க கொண்டாங்க. நம்ம கோகுல்ராஜ் கம்ப்யூட்டர்ல பாக்குறான். அது பொய் சொல்லாது.”

கோகுல்ராஜ் பழனி அடிவாரத்தில் கார் எலக்ட்ரீசியன். லேப்டாப்பைக் காரில் சொருகினான்.

“நாப்பத்தெட்டு டிகிரிண்ணே.”

“அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?”

“என்னைக்கு?”

“பத்து மாசம் முன்னாடி. ஒரு சனிக்கிழமை. அஞ்சு மணி.”

கோகுல்ராஜ் நாச்சிமுத்துவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

“இது இன்னைக்கு காச்சலத்தான் சொல்லும்ணே,” என்றான் மெதுவாக. புது சென்சார் போட்டான். பழைய எர்த் ஒயரை வெட்டி வேறு இடத்தில் இணைத்தான்.

அதன் பலன்தான் இன்று காலை இண்டிகேட்டரோடு ஆடிய முள். ஞானவேல் அவனுக்குப் போன் செய்தான்.

“தம்பி, இண்டிகேட்டர் போட்டா கொதிக்குது.”

“போடாதீங்கண்ணே.”

“மலை ரோடுப்பா.”

“கையக் காட்டுங்க.”

“ஹாரன் அடிச்சாலும் ஏறுது.”

“மீட்டரே போயிருச்சுண்ணே. நாளைக்கு வாங்க. பழசு ஒண்ணு கெடக்கு, மாட்டிருவோம்.”

நாளை சனிக்கிழமை.

மறுநாள் ஞானவேல் பழனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோகுல்ராஜின் பட்டறையில் நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில், கையில் தண்ணீர்ப் பாட்டிலுடன், பயணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“நானும் வர்றேன் மாப்ள. அதே கெழமை, அதே ரோடு, அதே நேரம். ரெண்டு பேரும் ஒக்காந்து பாத்துருவோம். இன்னையோட முடிச்சுக்குவோம்.”

“சரிங்க மாமா.”

கோகுல்ராஜ் மாட்டிய மீட்டர் வேறு ஏதோ மாடலுடையது. இடத்தில் பொருந்தியது. அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த கார், மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ஓடி முடித்திருந்தது.

“ஒரே ஒரு விசயம்ணே. இதுல டீசல் முள்ளு சூடு காட்டும். சூட்டு முள்ளு டீசல் காட்டும். மனசுல மாத்திக்கங்க.”

“சரி.”

“இன்னொண்ணு. ரேடியேட்டர் ஃபேன் தானா ஓடாது. இந்தா, தனியா சுவிட்ச் வச்சிருக்கேன். போட்டா ஓடும், அணச்சா நிக்கும். ஏத்தத்துல மறந்துராதீங்க. ஃபேன் இல்லேன்னா கண்டிப்பாக் கொதிச்சுரும்.”

ஞானவேல் சுவிட்சைப் பார்த்தான். நாச்சிமுத்துவும் பார்த்தார்.

இரண்டரைக்குக் கிளம்பினார்கள். முதல் கொண்டையூசி வளைவில் ஞானவேலின் இடது கை சும்மா போவது போலப் போய்ச் சுவிட்சை அணைத்தது.

இரண்டாவது வளைவில் நாச்சிமுத்துவின் வலது கை சும்மா வருவது போல வந்து போட்டது.

“மாமா, கை படுது.”

“ஆட்டம் மாப்ள. ரோடு சரியில்ல.”

மூன்றாவது வளைவில் அணைந்தது. நான்காவதில் ஓடியது. எதிரில் வந்த பேருந்துக்கு வழிவிட ஞானவேல் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுக்க ஃபேன் நன்றாக ஓடியது.

“முள்ளப் பாருங்க!” என்றார் நாச்சிமுத்து. “ஏறவே இல்ல. எறங்குது! ஏத்தத்துல ஏற ஏற எறங்குது மாப்ள! என்ன வண்டி!”

“அது டீசல் மாமா.”

“அப்ப சூடு எது?”

“அந்தப் பக்கம்.”

அந்தப் பக்கம் பார்த்த நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது. வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த கையைச் சுவிட்ச் மேலேயே வைத்துக்கொண்டார். ஞானவேல் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தான். பார்த்தவர்களுக்கு மாமனும் மருமகனும் கைகோத்துப் போவது போல இருந்திருக்கும்.

“எடுங்க மாமா.”

“நீங்க எடுங்க.”

“அவ ஓட்டும்போது சுவிட்சே கெடையாது.”

“அவ ஓட்டும்போது ஃபேன் தானா ஓடுச்சு. நான் குடுத்த ஃபேன்.”

“மாமா, முன்னாடி லாரி.”

நாச்சிமுத்து பயந்து கையை எடுத்தார். லாரி எதுவும் இல்லை. ஞானவேல் சுவிட்சை அணைத்து, அதன் ஒயரையும் பிடித்து இழுத்துவிட்டான். அதன் பிறகு மலை முழுக்க இரண்டாவது கியரில், வேண்டுமென்றே, இன்ஜின் கதறக் கதற ஓட்டினான்.

பெருமாள்மலைக்கு வந்தபோது ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஆவி வந்தது. பிறகு உள்ளே ஏதோ வெடிப்பது போலச் சத்தம். கார் தானாகவே நின்றது. அந்தச் சனிக்கிழமை நின்ற இடத்துக்கு இருபதடி முன்னால்.

ஞானவேல் இறங்கினான். தண்ணீர் சாலையில் கொதித்து ஓடியது.

“கொதிக்குது மாமா,” என்றான். “பாத்தீங்களா. கொதிக்குது.”

சிரித்தான். பத்து மாதத்தில் முதல் தடவை. சிரிப்பு சரியாக வரவில்லை. இருமல் போல இருந்தது.

நாச்சிமுத்து சாலையோரக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் கூலன்ட் பச்சையாகத் தெறித்திருந்தது. ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பாத்துத்தான் வாங்குனேன் மாப்ள,” என்றார். “நாலு பேரக் கூட்டிட்டுப் போய்ப் பாத்து வாங்குனேன். அவ வெயில்ல நின்னு பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கக் கூடாதுன்னு வாங்குனேன்.” வேட்டியில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே, “அப்ப நாந்தான் கொன்னேனா?” என்றார்.

ஞானவேல் பத்து மாதமாகக் காத்திருந்த கேள்வி அது. கேட்டபோது அதில் ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“இல்ல மாமா. ஒயர நான் புடுங்கிட்டேன்.”

“தெரியும்.”

“அது ஓடியிருந்தா கொதிச்சிருக்காது.”

“கொதிச்சிருக்காது,” என்றார் நாச்சிமுத்து. ஆனால் பழைய உற்சாகம் இல்லை. “அப்ப முள்ளு பொய்யிதான?”

“பொய்யாத்தான் இருக்கும். நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்.”

“விடுங்க மாப்ள.”

“நீங்க ஓட்டிட்டுப் போகச் சொன்னீங்க. அவ கேட்டிருந்தா...”

“விடுங்கங்கறேன்ல.”

கார் ஆவி விட்டது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அம்மா பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருடன் சாலையைக் கடந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டர், தலையில் மப்ளர். அவள் வந்த இடத்தில் புதுத் தகரக் கூரையோடு ஒரு டீக்கடை இருந்தது. பத்து மாதமாக அங்கே அறுத்துப் போட்ட மரத்துண்டுகளும் கிழிந்த தார்ப்பாயும்தான் கிடந்தன. அது கடை இருந்த இடம் என்பதே ஞானவேலுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“ஒடனே ஊத்தாதீங்க தம்பி, வெடிச்சுரும். கொஞ்சம் ஆறட்டும்.” வாளியை வைத்துவிட்டு நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். “இது ஜோதி டீச்சரு வண்டியில்ல?”

“ஆமா,” என்றான் ஞானவேல். “நான் அவ வீட்டுக்காரன். இவரு அவ அப்பா.”

அந்த அம்மா மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எம் பேரு குப்பம்மாங்க. மரம் விழுந்ததுல கடையும் போச்சு, எனக்குக் காலும் ஒடஞ்சு போச்சு. வத்தலக்குண்டுல மக வீட்டுல கெடந்தேன். போன வாரந்தான் திரும்பக் கட்டுனேன். ஒங்கள எங்க வந்து பாக்குறதுன்னு தெரியல. வீடு வில்பட்டின்னு மட்டும் டீச்சரு சொல்லிருக்காங்க.”

நாச்சிமுத்து எழுந்தார். “எம் பொண்ண ஒங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருசமா வருவாங்களே. சனிக்கிழமையானா அஞ்சு மணிக்கு வந்துருவாங்க. வண்டிய அங்கிட்டு நிப்பாட்டிட்டு வந்து பெஞ்சுல ஒக்காருவாங்க.”

“தண்ணி கேக்கத்தான வருவா?” என்றான் ஞானவேல். “வண்டிக்கு.”

“தண்ணியா? ஒருநாளும் கேட்டதில்லையே.”

மேலே ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பியது.

“அன்னைக்கும் வந்து ஒக்காந்தாங்க,” என்றாள் குப்பம்மாள். “நல்ல காத்து. வெரசா கெளம்புங்க டீச்சர்ன்னு நாஞ்சொன்னேன். ரெண்டு போனு பேசுனாங்க. பேசிட்டு போன அணச்சு மடியில கவுத்து வச்சுக்கிட்டாங்க. நான் டீ ஆத்திக்கிட்டே, வண்டி ரொம்ப சூடாயிருச்சா டீச்சர்ன்னு கேட்டேன். அதுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் அடுப்புப் பக்கம் திரும்புனேன், அம்புட்டுத்தான். அதான் கடேசி.”

“என்ன சொன்னா?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

குப்பம்மாள் மருமகனைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். ஆவி விடும் காரைப் பார்த்தாள்.

“சொல்லலாமான்னு தெரியல.”

“சொல்லுங்க,” என்றான் ஞானவேல்.

“சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க தம்பி. ‘வண்டி பச்சத் தண்ணியா இருக்குக்கா. முள்ளு ஏறுதுன்னு சொல்லிட்டா அரை மணி நேரம் ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. நீங்க இன்னொரு டீ போடுங்க, சீனி தூக்கலா.’”